வெளியாள் உதவி

அந்த பெல்ட்டை இப்பவே கழட்டாதீங்க தம்பி, அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு ரெண்டு தடவை முறைச்சுட்டுப் போயிருச்சு. திருச்சிக்குத்தானே? இந்தப் பிளேன்ல ஏறிட்டு வேற எங்க போக முடியும், நான் கேக்குறேன் பாருங்க. எனக்குத் திருச்சியில இறங்கி உத்தமபாளையம் போகணும். தேனிப் பக்கம். பேரு அபுதாகிர். ராவுத்தர் வீடு. ராவுத்தர்னாலே அந்தக் காலத்துல குதிரை வீரன்னு சொல்லுவாய்ங்க. எங்க வீட்டுல எனக்கு முந்தி எவனும் குதிரையைத் தொட்டதா நான் கேள்விப்படல, எல்லாம் ஏலக்கா வியாபாரம். நான்தான் தொட்டேன். அதுவும் நம்ம ஊருல இல்ல, அபுதாபி பக்கம் பாலைவனத்துல, இருபத்திரண்டு வருஷம்.

இப்ப வர்றது ஆஸ்திரேலியாவுல மக வீட்டுல இருந்து. மூணு மாசம் இருந்தேன். நல்லாப் பாத்துக்கிட்டா, குறை சொன்னா நாக்கு அழுகிப் போகும். ஆனா ஒரு விசயம் நெஞ்சுல நிக்குது தம்பி. உங்களைப் பாத்தா படிச்ச புள்ளை மாதிரி இருக்கு, நீங்களே நியாயம் சொல்லுங்க. பெத்த தகப்பன் பொண்ணுக்கு வெளியாளா?

இருங்க, சட்டுன்னு பதில் சொல்லாதீங்க. முதல்ல இருந்து சொல்றேன்.

நெடுந்தூரக் குதிரைச் சவாரின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? ரேஸ் இல்ல. ரேஸ்னா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சு போகும். இது எம்பது, நூத்திருபது, நூத்தறுபது கிலோமீட்டர். காலையில கெளம்பினா சாயந்திரம் வரைக்கும் போகும். நடுவுல நிறுத்தி டாக்டர் பாப்பாரு. மனுச டாக்டர் இல்ல, குதிரை டாக்டர். மேல உக்காந்திருக்கவன் செத்தானா பொழச்சானான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாய்ங்க. குதிரையோட நாடியை எண்ணுவாரு, தோலைக் கிள்ளிப் பாப்பாரு, நொண்டுதான்னு ஓடவிட்டுப் பாப்பாரு. சரியில்லைன்னா அத்தோட வெளிய. இது உலகம் பூரா இருக்கு. ஆனா ஊருக்கு ஒரு புத்தி.

அரபு நாட்டுல நான் தண்ணி ஆளு. சிரிக்காதீங்க, அது பெரிய வேலை. குதிரை மணல் பாதையில ஓடும், பக்கத்துலயே நம்ம கார் ஓடும். ஜன்னலுக்கு வெளிய எனக்குப் பாதி உடம்பு. கையில பாட்டில். அடியைப் பிடிச்சு நீட்டணும், பாட்டில் கழுத்து மேல இருக்கவனுக்கு வாகா இருக்கணும். சவாரிக்காரன் ஓட்டத்துலயே வாங்கி குதிரை கழுத்துல ஊத்திட்டுக் கடாசிருவான். மறுபடி பாட்டில். மறுபடி. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு பாட்டில் கைதவறினதில்ல. சரி, ரெண்டு தவறியிருக்கு.

சுத்து முடிச்சு குதிரை உள்ள வந்துச்சுன்னா அறுபத்திநாலுக்குக் கீழ நாடி இறங்கணும். இறங்குற வரைக்கும் கடிகாரம் ஓடும். ஒரு நிமிசம் தாமதம்னா நாலு பேரு முந்திருவாய்ங்க. சேணத்தைக் கழட்டு, ஐஸ் தண்ணியை ஊத்து, ஊத்தின தண்ணியை வழிச்சு எடு, ஊத்து, வழி. நான் குதிரை நெஞ்சுல கையை வச்சாப் போதும், எண்ணிச் சொல்லிருவேன். எங்க அர்பாப், அதான் முதலாளி, என்னைய ‘அபு’ன்னுதான் கூப்புடுவாரு. அபு கை வச்சா குதிரை சாந்தமாயிரும்பாரு. அங்க ஜெயிச்சவனுக்குக் கார் குடுப்பாய்ங்க. ரெண்டாவது வந்தவன் பேரு அடுத்த வாரம் அவன் பொண்டாட்டிக்கே மறந்து போகும்.

என் மக ஜெஸீமா. ஒரே பொண்ணு. நான் போகையில ரெண்டு வயசு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் லீவுல வருவேன். புள்ளைங்க என்னமா வளருது தம்பி! போன்ல என்னம்மா படிக்கிறேன்னா எட்டாவதும்பா. அடுத்து ஒருநாள், என்னம்மா ஒம்பதாவதான்னு கேட்டா, அத்தா நான் நர்சிங் ரெண்டாவது வருசம்னு சொல்றா. அவ்வளவு வேகம். எங்க லாயத்துல இருந்த நாப்பது குதிரைக்கும் எந்தக் காலுல என்ன தழும்புன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன், அதெல்லாம் எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

நர்ஸா வேலை கெடைச்சு ஆஸ்திரேலியா போனா. நிக்காவும் ஆச்சு. மாப்பிள்ளை நஜ்முதீன், கம்ப்யூட்டர் ஆளு, தங்கமான மனுசன், குதிரையைக் கண்டா காருக்குள்ள போயி கண்ணாடியை ஏத்திக்குவாரு. மெஹருன்னிசாவுக்கு, என் வீட்டுக்காரிக்கு, முழங்கால் வலி, அதனால நான் மட்டும் போயி இறங்குறேன். மறுநாள் காலையில மக பூட்ஸ் மாட்டிக்கிட்டு நிக்கிறா. எங்கம்மா? குதிரைக்கு அத்தா. எந்தக் குதிரைக்கு? எம்பது கிலோமீட்டர் சவாரி ஒண்ணு முடிச்சுட்டேன், இன்னும் ரெண்டு முடிச்சா நூத்தறுபதுக்கு விடுவாங்கங்கிறா.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா! ஏம்மா சொல்லலைன்னேன். சொன்னா நீங்க வந்துருவீங்களேன்னு சிரிக்கிறா. நான் பெருமையா நெனச்சேன். இப்ப யோசிச்சா அது பெருமையாச் சொன்னது மாதிரி தெரியல.

குதிரை அவளோடது இல்ல. டோரீன்னு ஒரு அம்மா, அறுவத்தெட்டு வயசு, பண்ணை வச்சிருக்காங்க. இவ ஆசுபத்திரியில அவங்க இடுப்பு ஆபரேசனுக்குப் படுத்திருக்கையில பழக்கம். குதிரை பேரு பிஸ்கட். அரபு நாட்டுல குதிரைக்கெல்லாம் புயல், மின்னல், வாள்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு வைப்பாய்ங்க. இங்க பிஸ்கட். பதினேழு வயசு. இந்த வருசத்தோட அதுக்கு நெடுந்தூரம் கிடையாது, ஓய்வுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. ஆக இந்த வருசம் ரெண்டு சவாரி முடிச்சு நூத்தறுபதுக்குப் போனாத்தான் உண்டு. இல்லைன்னா பிஸ்கட்டோட கனவு பிஸ்கட்டோட போச்சு. ஜெஸீமாவுக்கு வேற குதிரை எங்க இருக்கு? அதனால அதுல உயிரா இருந்தா.

முதல் நாள் பயிற்சியைப் பாக்கப் போனேன். பாத்துட்டு என்னால நிக்க முடியல தம்பி. மேடு வந்தா குதிரையை நடத்துறா. இறக்கம் வந்தா கீழ இறங்கி, குதிரை பக்கத்துல இவ ஓடுறா! குதிரை ஒய்யாரமா வருது, எம்மக நாக்குத் தள்ள ஓடுறா. என்னம்மா இது, நீ ஓடுறதுக்கு அது எதுக்குன்னேன். அதுக்கும் கால் வலிக்கும்ல அத்தாங்கிறா. டோரீன் அம்மா பின்னல் ஊசியை வச்சுக்கிட்டு கம்பளி பின்னிக்கிட்டே தலையாட்டுறாங்க. அந்த ஊசி போற வேகத்துக்குக்கூட குதிரை போகல.

அந்தம்மாகிட்ட நேராவே கேட்டேன். நான் பேசுறது அரபி, இந்தி, இங்கிலீசு எல்லாம் கலந்த லாயத்து பாசை, அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சுச்சு. ஜெயிக்க வேண்டாமான்னேன். முடிச்சாலே ஜெயிச்ச மாதிரிதான்னாங்க. அப்ப எல்லாரும் ஜெயிச்சா தோக்குறது யாருன்னேன். குதிரைன்னாங்க, பாத்துக்கலைன்னா. அப்புறம் ஊரு ஊராச் சொல்ல ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல புதுக் குதிரை ரொம்ப வேகமா வந்தா அதுக்காகவே வெளிய அனுப்பிருவாங்களாம். முதல்ல வந்ததுக்குத் தண்டனை! கேட்டதுல இருந்து எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. பிரான்சுல இன்ன வேகத்துல வரணும்னு சொல்லி வச்சு, அதை ஒட்டி வர்றவன்தான் கெட்டிக்காரனாம். அமெரிக்காவுல முதல்ல வந்தவனைவிட, வந்து நிக்கையில எந்தக் குதிரை நல்லா இருக்கோ அதுக்குத்தான் மவுசாம். உங்க ஊருல எப்படின்னு கேட்டாங்க. எங்க ஊருல குதிரை கல்யாணத்துக்குத்தான் வரும், மாப்பிள்ளைதான் பயந்து கீழ விழுவான்னேன். அன்னிக்கு முழுக்கச் சிரிச்சாங்க.

முதல் மாசம் ஒரு சவாரி வந்துச்சு. ஜெஸீமாவுக்கு ரெண்டாவது. முகாம்ல மட்டும் அத்தா உதவலாம்னு விதி இருக்குன்னா. சரின்னு நின்னேன். பிஸ்கட் உள்ள வந்துச்சு. விட்டேனா! சேணத்தைக் கழட்டி, தண்ணி, வழி, தண்ணி, வழி. நாலே நிமிசத்துல நாப்பத்தெட்டு. கூப்புடு டாக்டரைன்னு கத்துறேன். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. அங்க அரைமணி நேரம் கழிச்சுத்தான் எல்லாரையும் பாப்பாங்களாம், நீ நாலு நிமிசத்துல இறக்கினாலும் ஒண்ணுதான், இருபது நிமிசத்துல இறக்கினாலும் ஒண்ணுதான். என்ன அவசரம், இந்தா டீ குடின்னு ஒருத்தர் கப்பை நீட்டுறாரு. இருபத்திரண்டு வருஷத்து வித்தை தம்பி, டீ குடின்னுட்டாரு.

அன்னிக்கு முதல்ல வந்தவனுக்கும் ஒரு ரிப்பன். கடைசியா வந்த கெழவருக்கும் அதே ரிப்பன். இன்னும் சொன்னா கெழவருக்குத்தான் கைத்தட்டு அதிகம். ஜெஸீமா பதினெட்டாவது. ஊருக்குப் போன் பண்ணி மெஹருன்னிசாகிட்ட சொன்னேன், எத்தனை பேருல பதினெட்டுன்னு கேட்டா. அதெல்லாம் கேக்காதேன்னு வச்சுட்டேன்.

அடுத்த மாசம் அடுத்த சவாரி. இதுதான் மூணாவது, இது முடிஞ்சா நூத்தறுபதுக்குத் தகுதி. எனக்குப் படபடப்பு. அன்னிக்கு வெயிலும் சேந்துக்கிச்சு. அவ கெளம்பிப் போனதும் முகாம்ல நான் நாற்காலியில உக்காந்தா, கை சும்மா இருக்க மாட்டேங்குது. நம்ம பொண்ணு இந்த வேகாத வெயில்ல காட்டுக்குள்ள தனியாப் போறா, கூட ஒரு கார் இல்ல, ஒரு ஆள் இல்ல. பாட்டிலை எடுத்தேன். எட்டுப் பாட்டில். மாப்ள, காரை எடுங்கன்னேன்.

“மாமா, இது தப்பில்லையா?”

“ஓட்டுங்க மாப்ள. தண்ணி குடுக்குறது எந்த ஊருல தப்பு?”

“வெளியாள் உதவி கூடாதுன்னு ஜெஸீ சொன்னாளே மாமா.”

“நான் வெளியாளா மாப்ள?”

மாப்பிள்ளை பெல்ட்டை மாட்டிக்கிட்டாரு. கார் போச்சு.

முப்பத்துமூணாவது கிலோமீட்டர்ல காட்டுப் பாதையும் ரோடும் ஒட்டி வருது. பிஸ்கட் வருது, கழுத்தெல்லாம் வேர்வை. மாப்பிள்ளையைப் பக்கத்துலயே ஓட்டச் சொல்லி நான் ஜன்னல்ல ஏறிட்டேன். அறுபது வயசுன்னு யாரும் சொல்ல முடியாது அன்னிக்கு! பாட்டிலை நீட்டுறேன். அவ கையைத் தூக்கி வேண்டாம் வேண்டாம்கிறா. போங்க அத்தா, போயிருங்க அத்தாங்கிறா. புள்ளைங்க அப்படித்தானே சொல்லும், நாம அதையா பாப்போம்? எட்டி நானே குதிரை கழுத்துல ரெண்டு பாட்டிலை ஊத்திட்டேன். பிஸ்கட்டுக்கு என்னா சந்தோசம், காதை ஆட்டிக்கிட்டு எம்மூஞ்சியைப் பாத்துச்சு. காட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. யாரும் பாக்கல. திரும்பி வந்து நாற்காலியில ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துட்டேன்.

சாயந்திரம் முடிச்சு வந்தா. குதிரை நல்லா இருக்குன்னு டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரு. டோரீன் அம்மா ஊசியைக் கீழ வச்சுட்டுக் கை தட்டுறாங்க. நான் மெஹருன்னிசாவுக்குப் போன் போட்டு, முடிச்சுட்டா, ஒம் பொண்ணு முடிச்சுட்டான்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், பாத்தா ஜெஸீமா தொப்பியைக் கழட்டி கையில வச்சுக்கிட்டு அதிகாரி மேசைக்குப் போறா. ஏதோ சொல்றா. அவரு எழுந்திரிக்கிறாரு. மறுபடி சொல்றா. அவரு அவ தோளைத் தட்டிக் குடுத்துட்டுப் பலகைக்குப் போயி எழுதுறாரு.

எனக்கு அவ்வளவா இங்கிலீசு வாசிக்க வராது தம்பி. ஆனா என் பேரு எனக்குத் தெரியும்ல. நம்ம வழக்கப்படி அவ பேருக்குப் பின்னாடி தகப்பன் பேரு. அங்க பின்பேரைத்தான் பெருசா எழுதுவாய்ங்க. மிச்சத்தை மாப்பிள்ளை வாசிச்சுச் சொன்னாரு. அபுதாகிர், வெளியேற்றம். காரணம், வெளியாள் உதவி. பொண்ணு பேரு ஒரு எழுத்துதான், புள்ளி வச்சு. பாக்குறவய்ங்களுக்கு நானே குதிரையில போயி நானே மாட்டின மாதிரி இருக்கு. நியாயமாப் பாத்தா அது தப்பும் இல்ல.

வீட்டுக்கு வர்ற வழியில கத்திட்டேன். பெத்த தகப்பனை மேசையில போயி காட்டிக் குடுத்துட்டியே! யாரு பாத்தா? ஒருத்தன் பாத்தானான்னேன். அவ முன் சீட்டுல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு சொல்றா:

“நான் பாத்தேன். நீங்க பாத்தீங்க. இவரு பாத்தாரு. அஞ்சு வேளை தொழுகுறீங்க, இன்னும் எத்தனை பேரு பாக்கணும் அத்தா?”

அதுக்கப்புறம் பத்து நாளு என்கூடப் பேசல. சாப்பாடு வைப்பா, மாத்திரை எடுத்து வைப்பா, பேச மாட்டா. டூட்டிக்குப் போகையில மட்டும் கதவுகிட்ட நின்னு போயிட்டு வர்றேம்பா, அதுவும் கதவைப் பாத்து. நானும் ராவுத்தன், எனக்கும் கோவம் இல்லையா? நானும் பேசல. நடுவுல மாப்பிள்ளை பாடுதான் திண்டாட்டம், ரெண்டு பேருக்கும் உப்பு எடுத்துக் குடுத்தே ஓஞ்சு போயிட்டாரு.

அப்பத்தான் டோரீன் அம்மா வந்தாங்க. நான் கெளம்புறதுக்கு ஒரு வாரம் முந்தி, கடைசியா ஒரு எம்பது கிலோமீட்டர் இருக்கு, அதை விட்டா இந்த வருசம் வேற இல்லைன்னாங்க. ஜெஸீமா, அத்தா வரக் கூடாதுன்னுட்டா. முகத்துக்கு நேராச் சொல்றா. சுருக்குன்னு இருந்துச்சு. அந்தம்மாதான், இவரைச் சும்மா உக்கார வச்சா மறுபடி பாட்டிலைத் தூக்குவாரு, வேலை குடுத்துருவோம்னாங்க. என்னா வேலைங்கிறீங்க? காவல் முனையில ஆள் வேணுமாம். மஞ்சச் சட்டை, ஒரு அட்டை, ஒரு பேனா, பேசுற ரேடியோ. அம்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல, குன்று மேல ஒரு கேட்டுகிட்ட உக்காந்து, வர்ற குதிரை நம்பரையும் நேரத்தையும் எழுதணும். யாருக்கும் கை குடுக்கக் கூடாது. தொடக் கூடாது. இன்னதைச் செய்யின்னு வாயாலயும் சொல்லக் கூடாது. அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. எங்கிட்டப் போயி!

கொண்டுபோயி விட்டுட்டாங்க. சுத்தி மரம். பக்கத்துல குதிரை குடிக்க ஒரு தொட்டித் தண்ணி. தொட்டித் தண்ணியைப் பக்கத்துல வச்சுட்டு என்னையக் காவலுக்கு வச்சிருக்காய்ங்க பாருங்க. ஒவ்வொரு நம்பரா வருது, எழுதுறேன். பத்தொம்பது போச்சு, முப்பத்தொண்ணு போச்சு, முதல் மாசம் கைத்தட்டு வாங்குன கெழவரும் போயிட்டாரு. இருபத்தேழு வரல. இருபத்தேழு எம்மக.

ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா. குதிரை மேல இல்ல. நடந்து வர்றா, பிஸ்கட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு. அங்கவடி, அதான் சேணத்துல காலை வைக்கிற வளையம், அதோட தோல்வார் அறுந்து போச்சு. வளையத்தைக் கழுத்துல மாட்டிட்டு வர்றா. இன்னும் இருபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கு, நேரம் கம்மியா இருக்கு. நடந்து போனா நேரத்துக்குள்ள போக முடியாது.

தொட்டிகிட்ட நிறுத்தி பிஸ்கட்டுக்குத் தண்ணி காட்டுனா. பையில இருந்து கயிறை எடுத்தா. கட்டுறா. நிக்கல. அவுத்துட்டு மறுபடி கட்டுறா. முடிச்சு நழுவுது. அந்த வேலை எனக்கு அரை நிமிசம் தம்பி! கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுவேன். ஓடுற குதிரையில தொங்கிக்கிட்டுக் கட்டியிருக்கேன். என் கை ரெண்டும் என்னையக் கேக்காம எந்திரிக்குது. அட்டையைக் கீழ போட்டு ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சு உக்காந்துட்டேன். ஒரு ஆள் இல்ல அங்க. ரேடியோகூட பேசாம கெடக்கு.

நீங்க நெனைப்பீங்க, நான் விதிக்குக் கட்டுப்பட்டேன்னு. விதியாவது ஒண்ணாவது! நான் தொட்டேன்னா, இவ போயி மேசையில சொல்லிருவா. அந்தப் பயம்தான். இந்த வருசம் இதுதான் கடைசி, இதையும் என் கையால கெடுத்தேன்னா அப்புறம் அவ என் மூஞ்சியில முழிக்க மாட்டா. உதட்டைக் கடிச்சுக்கிட்டு சலவாத்து ஓதிக்கிட்டு உக்காந்திருக்கேன். இடதுபக்கமாச் சுத்தும்மான்னு தொண்டை வரைக்கும் வருது. முழுங்கிட்டேன். மெஹருன்னிசாகிட்ட இதைச் சொன்னப்ப, நீங்க வாய மூடிட்டு இருந்தீங்களா, உடம்புக்கு என்னன்னு கேட்டா.

அவ ஒருதடவை தலையைத் தூக்கி என்னையப் பாத்தா. உதவின்னு கேக்கல. சும்மா பாத்தா. நானும் பாத்தேன். மறுபடி குனிஞ்சுக்கிட்டா. விரல்ல ரத்தம் வந்துச்சு, வாயில வச்சு உறிஞ்சிட்டு மறுபடி கட்டுனா. நாலாவது தடவை நின்னுச்சு. இழுத்துப் பாத்தா, ஏறுனா. போயிட்டா. அவ மரத்துக்குள்ள மறைஞ்சப்புறம்தான் நான் கையை வெளிய எடுத்தேன், ரெண்டும் மரத்துப் போயிருந்துச்சு, நம்பர் இருபத்தேழுன்னு எழுதுனா இருபத்தொண்ணு மாதிரி விழுந்துச்சு.

நேரம் முடிய பதினோரு நிமிசம் இருக்கையில முடிச்சா. கடைசி ஆளு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டுறாய்ங்க, கெழவர்தான் ஜாஸ்தி தட்டுறாரு, அவருக்கு இடம் விட்டுக் குடுத்துட்டாள்ல. டாக்டர் அரைமணி கழிச்சுப் பாத்தாரு, பிஸ்கட் சுத்தமா இருக்குன்னாரு. மூணாவதும் ஆச்சு. அடுத்த மாசம் நூத்தறுபது. நான் இருக்க மாட்டேன், விசா முடிஞ்சு போச்சு, அதான் இந்தா உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.

அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் அவ பிஸ்கட்டைத் தேய்ச்சுக்கிட்டு நின்னா. நான் போயி, பாத்தியாம்மா, நான் அசையலையேன்னேன். சபாஷ் அத்தான்னு சொல்லுவான்னு பாத்தேன்.

“பாத்தேன் அத்தா. நான் சைக்கிள் பழகுனப்ப, காலேஜுக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயி நின்னப்ப, இந்த ஊருல தனியா வந்து இறங்குனப்ப, எல்லாம் இப்படித்தான். அறுந்ததை நானே கட்டிக்கிட்டு நானே ஏறிப் போனேன். ஒருதடவைகூட நீங்க பாத்ததில்ல. இன்னிக்கித்தான் பாத்தீங்க.”

கோவமாச் சொல்லல தம்பி. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், எனக்கு வராததா? சந்தோசமாச் சொன்னா. குதிரையைத் தேய்ச்சுக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே சொன்னா. அதைத்தான் என்னால தாங்க முடியல.

அந்தக் கட்டு தப்பும்மான்னேன். வாயில அதுதான் வந்துச்சு.

“தெரியும் அத்தா. இப்பத்தான் சவாரி முடிஞ்சிருச்சே, சொல்லுங்க. என்னென்ன தப்பு?”

வரிசையாச் சொன்னேன். கயிறை ஈரம் பண்ணியிருக்கணும், முடிச்சை இடதுபக்கம் வச்சிருக்கணும், குதிரையை நிழல்ல நிறுத்தியிருக்கணும், கட்டுறதுக்கு முந்தி சேணத்தைத் தளத்தியிருக்கணும். பதினாலு தப்பு. அங்க கையை மடக்கி உக்காந்திருக்கையிலேயே எண்ணி வச்சிருந்தேன். பதினாலையும் நின்னு கேட்டா. ஒண்ணுக்குக்கூட மறுபேச்சுப் பேசல.

“அவ்வளவுதானா அத்தா?”

“இன்னொண்ணு இருக்கு. அது ஓம்மேல இல்ல, எம்மேல”ன்னேன்.

எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பிஸ்கட்டோட கால்ல சுத்தியிருந்த துணியை அவுத்துக்கிட்டிருந்தா. அப்புறம் வாளியை எங்கிட்ட நீட்டுனா.

“இதைப் பிடிங்க அத்தா. நான் மட்டும் எத்தனையத்தான் தூக்குறது.”